நாகலாபுரத்தில் ஒரு வீடு காலியாகிறது

ஊரில் தனித்திருக்கும் தாயைச் சென்னைக்கு அழைத்துவரும் நாள் நம்மில் பலருக்கு வருகிறது. அவ்வூர் நாகலாபுரமாயின் தூரம் சுமார் 70 கிலோமீட்டரே. செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை கடந்தால் ஆந்திர எல்லை. முன்பு சித்தூர் மாவட்டம். 2022 முதல் திருப்பதி மாவட்டம். கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாம்பாவின் பெயரை இட்ட ஊர் என்பது வழக்கு.

இந்தக் குறைந்த தூரமே நம்மை ஏமாற்றும். காலையில் போய் மாலையில் திரும்பலாம் என்று எண்ணுவோம். மூட்டை கட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே முந்தின நாளே செல்லுங்கள். மாநில எல்லையைத் தாண்டுவதால் நேஷனல் பர்மிட் உள்ள வண்டியை அமர்த்துங்கள். புழங்கிய வீட்டுச் சாமான்களுக்கு ஜி.எஸ்.டி. ஈ-வே பில் தேவையில்லை. காஸ் சிலிண்டரை ஏற்றவேண்டாம். ஏஜென்சியில் ஒப்படைத்து முன்பணத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

கடினமானது அம்மிக்கல்தான். இரண்டாம் மாடி வாடகை வீட்டிற்கு அது எதற்கென்று நமக்குத் தோன்றும். அம்மா ஒன்றும் கேட்கமாட்டார். அதைச் சுற்றிச் சுற்றி வருவார். வாதாடாமல் ஏற்றிவிடுங்கள். (தூக்குபவர் முணுமுணுப்பார், கூடக் கொஞ்சம் கூலி கொடுங்கள்.)

திரும்புகையில் உடல் அடித்துப்போட்டதுபோல் இருக்கும். ஆயினும் அவரைச் சன்னலோரம் அமர்த்துங்கள். பிச்சாட்டூர் அணையிலிருந்து வரும் ஆரணியாறு சுருட்டப்பள்ளியிலும், ஊத்துக்கோட்டையிலும், பெரியபாளையத்திலும் மறுபடி மறுபடி எதிர்ப்படும். அவர் பார்த்துக்கொண்டு வரட்டும். ஊத்துக்கோட்டையில் நிறுத்தி ஒரு தேநீர் வாங்கிக் கொடுங்கள்.