கியர் லிவர் லொடலொடன்னு ஆடுதா? முதல்ல இதைப் பாருங்க!

என் தம்பிக்கு கார்தான் உலகம். வேலைக்குப் போன முதல் வருஷமே பழைய ஹேட்ச்பேக் ஒன்றை வாங்கினான். அடுத்த வருஷம், கார் கூடவே வந்த கியர் லிவரைக் கழற்றிவிட்டு 'ஷார்ட் த்ரோ ஷிஃப்டர்' மாட்டினான். கை கொஞ்சம் அசைந்தாலே கியர் விழும். ஆறு மாதத்தில் அந்த லிவர் லொடலொடவென ஆட ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து, கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகணும் என்றார் அம்மா. காரவள்ளி வழியாகப் போனால் 70 கொண்டை ஊசி வளைவுகள். "இந்த வண்டியில வேணாம், பஸ்ல போயிடலாம்" என்று அப்பா சொன்னதும் தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. அப்பாவின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும்போது, இரண்டாவது கியரில் இன்ஜினே வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும். கியர் கழன்றுகொண்டால் மொத்த பாரமும் பிரேக்கின் தலையில்தான்.

"கிட் மட்டம்" என்றார் அப்பா. "வேற கிட் வாங்கிடறேன்" என்றான் தம்பி. நாமக்கல்லில் லாரி வேலை பார்த்துப் பழகிய மெக்கானிக் அண்ணன் இருவரையும் நிறுத்தினார். "எது ஆடுதுன்னு பார்க்காம எதை மாத்துவீங்க?"

கியர் லிவர் ஏற்றப்பலகை மாதிரி. நடுவிலுள்ள தாங்கு புள்ளிக்குக் கீழே லிவர் நீளமானால், மேலே கை நகரும் தூரம் குறையும். ஆனால், கை கூடுதலாக அழுத்த வேண்டும்.

அவர் சோதித்த முறை எளிமையானது. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டார். நியூட்ரலில் லிவர் பக்கவாட்டில் ஆடுவது சகஜம். கியரில் போட்ட பிறகும் தாராளமாக ஆடினால்தான் கோளாறு. லிவரைச் சுற்றியுள்ள உறையைத் தூக்கிப் பார்த்தார். அடித்தளமும் சேர்ந்து ஆடினால் போல்ட் தளர்ந்திருக்கும், இல்லை ரப்பர் புஷ் நைந்திருக்கும். அடித்தளம் அசையாமல் லிவர் மட்டும் ஆடினால் தாங்கு புள்ளி தேய்ந்திருக்கும். எங்கள் வண்டியில் இரண்டுமே கெட்டியாக இருந்தன.

அடுத்து பானெட்டைத் திறந்தார். "தம்பி, நீ லிவரை ஆட்டு. பாப்பா, நீ இந்த முனையைப் பாரு" என்றார். கேபிள் நகர்ந்தது, கியர்பாக்ஸில் அது பிடித்திருக்கும் கை நகரவில்லை. நடுவிலிருந்த பிளாஸ்டிக் புஷ்ஷின் வட்ட ஓட்டை முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தது. கிட் மேல் தப்பே இல்லை!

கட்டைவிரல் அளவு புஷ் ஒன்றை மாற்றினார். பிறகு ரிவர்ஸ் உட்பட எல்லா கியரும் முழுசாக விழுகிறதா என்று பார்த்தார். "ஓட்டும்போது சும்மா லிவர் மேல கை வெச்சிருக்காதே. அது கைவைக்கிற கட்டை இல்ல" என்று தம்பிக்கு ஒரு குட்டும் விழுந்தது.

கொல்லிமலைக்குக் காரில்தான் போனோம். இறங்கும்போது முன்சீட்டில் அப்பா தூங்கிவிட்டார். தம்பிக்கு அதைவிடப் பெரிய சர்ட்டிஃபிகேட் வேண்டுமா என்ன?

உங்கள் வண்டியிலும் லிவர் ஆடினால், காசை எடுப்பதற்கு முன் ஆட்டம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ஆனால், ஓடும்போதே கியர் தானாகக் கழன்றால் கோளாறு கியர்பாக்ஸுக்குள்ளும் இருக்கலாம். அந்த வண்டியை மலைக்கு எடுக்காதீர்கள், நேராக மெக்கானிக்கிடம் விடுங்கள்.