கடல் கடந்து வந்த உணவு

சென்னைக் கடற்கரை இரயில் நிலையத்தின் எதிரே, பர்மா பஜாரை ஒட்டிய தெருக்களில், அந்தி சாயும் வேளையில் ‘அத்தோ’ வண்டிகள் வரிசையாக நிற்கக் காணலாம். வேகவைத்த நூடுல்ஸுடன் முட்டைக்கோஸ், வெங்காயம், புளிக்கரைசல், வறுத்த பூண்டு, மிளகாய்த்தூள் ஆகியவற்றைச் சேர்த்துக் கையால் பிசைந்து, மொறுமொறுப்பான பேஜோவை நொறுக்கித் தூவித் தருவர். அருகே வாழைத்தண்டு சூப்பு ஆவி பறக்கும். துறைமுகத் தொழிலாளரும் மாணவரும் நின்றவாறே உண்டு செல்வர்.

பர்மிய மொழியில் ‘தோக்’ என்றால் கையால் கலந்து பிசைவது. அச்சொல்லே நம் நாவில் அத்தோ ஆயிற்று. ஆங்கிலேயர் காலத்தில் பிழைப்புத் தேடிப் பர்மா சென்ற தமிழர் பல்லாயிரவர். 1962-இல் அங்கே இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளும் வணிகமும் அரசுடைமையாயின. ஈட்டியவற்றை அங்கேயே விட்டுவிட்டு அவர்கள் கப்பலேறினர். 1969-இல் அவர்களுக்கென்று பர்மா பஜார் தோன்றியது. வியாசர்பாடியிலும் எண்ணூர் பர்மா நகரிலும் குடியேறியோர் உண்டு. சுங்க அதிகாரிகளால் பறிக்க இயலாத சொத்து ஒன்று அவர்களிடம் இருந்தது: அதுவே சமைக்கும் கைப்பக்குவம்.

உணவு இடம்பெயரும்போது ஊருக்கேற்ப மாறும். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து ஏழைகளின் உணவான பீட்சா, பிழைப்புக்காகச் சென்றோருடன் அமெரிக்கா அடைந்தது. நியூ ஹேவன் நகரில் 1925-இல் பிராங்க் பெப்பே என்ற இத்தாலியர் கடை திறந்தார்; அக்கரையோரத்துச் சிப்பி இறைச்சியும் பிற்காலத்தில் பீட்சாவின் மேல் ஏறியது. அவ்வாறே, பர்மாவின் மீன் குழம்பான மொஹிங்கா, இங்கே பல வண்டிகளில் மீன் நீங்கி வாழைத்தண்டு சூப்பாயிற்று.

எகிப்தினின்று விரைந்து புறப்பட்ட இஸ்ரயேல் மக்கள் புளிப்பற்ற அப்பத்தை உண்டனர். ஆண்டுதோறும் அதை உண்டு, தாங்கள் அந்நியராய் இருந்த நாள்களை நினைவுகூர்ந்தனர். அத்தோவும் நமக்கு அத்தகைய நினைவூட்டலே.

இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இளைஞர் பலர் வேலை தேடி எண்ணூருக்கும் திருவொற்றியூருக்கும் வருகின்றனர். அவர்களை ‘வடக்கன்’ என்று இகழும் நாவே அத்தோவைச் சுவைக்கிறது. அந்நியரை ஏற்பவர் தம்மையே ஏற்கிறார் என்றார் ஆண்டவர். நம் தெருவில் வாடகைக்கு அறை கேட்டு நிற்கும் அந்த இளைஞனுக்கு நம் இல்லங்கள் என்ன மறுமொழி கூறுகின்றன?