ஆறடி மலை

நுழையும்முன்

மனிதன் தான் கண்டு வியந்தவற்றைக் கையளவு வடிவில் மீண்டும் படைத்துப் பார்க்க விழைகிறான். மரப்பாச்சியும் மண்குதிரையும் நடைவண்டியும் அவ்விழைவில் பிறந்தவையே. மலையையும் காட்டையும் தொடர்வண்டியையும் ஒரு பலகைக்குள் அமைக்கும் கலையில் ஈடுபட்ட ஒருவரின் அனுபவம் இது. சிறியதைச் செய்யப் புகுந்தவர் பெரியதைக் காணக் கற்ற கதையாகவும் இது அமைகிறது.

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மலை இருந்தது. ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட மலை. விருந்தினர் வந்தால் நாற்காலிகளைத் திண்ணைக்கு மாற்ற வேண்டியிருந்தது. “மனிதர் உட்கார இடமில்லை, மலைக்கு மட்டும் இடமிருக்கிறது” என்று அம்மா கடிந்துகொள்வார். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் நீலகிரி மலை இருப்புவழியின் ஒரு சிறு பகுதியை மாதிரியாக அமைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாதை எங்கள் குடும்பத்திற்குச் சோறிட்ட பாதை. அப்பா அதில் முப்பது ஆண்டுகள் கேங்மேன் எனப்படும் பாதைப் பராமரிப்புப் பணியாளராக உழைத்தவர். முதுமையில் முழங்கால்கள் ஒத்துழைக்க மறுத்தன. கண்களில் புரை படர்ந்தது. மலைக்குச் செல்ல இயலாதவரிடம் மலையைக் கொண்டுவந்து சேர்ப்போம் என்று எண்ணினேன்.

அளவும் தேர்வும்

மாதிரி இருப்புவழிக் கலையின் முதற்பாடம் அளவு. உலகெங்கும் பெரிதும் வழங்கும் அளவு 87இல் ஒரு பங்கு. அவ்வளவில் ஒரு மனிதனின் உயரம் இரண்டு சென்டிமீட்டர். 20 மீட்டர் உயர்ந்த மரம் ஒரு சாணளவு. ஒரு மீட்டர் அகலமுள்ள மலைப்பாதை 12 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால், 46 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை முழுவதையும் இவ்வளவில் அமைக்க ஏறத்தாழ 530 மீட்டர் இடம் வேண்டும். என்னிடமிருந்ததோ ஆறடிப் பலகை. எனவே எதை எடுப்பது, எதை விடுப்பது என்னும் தேர்வு தொடக்கத்திலேயே வந்து நின்றது. ஒரு பாலம், ஒரு குகைவழி, நீராவிப்பொறி தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் ஹில்குரோவ் நிலையம் ஆகிய மூன்றையும் தேர்ந்தேன்.

மலையைத் தெர்மாகோல் பலகைகளை அடுக்கி ஒட்டி, இரம்பத் தகட்டால் செதுக்கினேன். அதன்மீது செய்தித்தாள் துண்டுகளைப் பசையில் தோய்த்துப் போர்த்தி, பிளாஸ்டர் ஆப் பாரிஸ் பூசினேன். பழைய மின்கம்பிகளின் உள்ளிருக்கும் செப்பு இழைகளை முறுக்கினால் மரத்தின் அடிப்பகுதி கிடைக்கும். இழைகளைப் பிரித்துவிட்டால் கிளைகள் கிடைக்கும். சலித்த மரத்தூளுக்குப் பச்சை வண்ணமேற்றினால் புல்வெளி. காய்ச்சி வடித்த தேயிலைத்தூளை வெயிலில் உலர்த்தித் தூவினால் காட்டுத்தரையின் சருகு. நாள்தோறும் அடுப்பங்கரையிலிருந்து தேயிலைத்தூளை எடுத்துவைத்துக் கொடுத்தவர், கடிந்துகொண்ட அதே அம்மாதான்.

கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே பாதை மிகவும் செங்குத்தானது; சில இடங்களில் 12 அடி செல்வதற்குள் ஓரடி ஏறிவிடும். வழவழப்பான சக்கரம் அங்கே வழுக்கும். அதனால் தண்டவாளங்களின் நடுவே இரண்டு பல்சட்டங்கள் பதிக்கப்பட்டுள்ளன. ஒன்றின் பல் மற்றொன்றின் பள்ளத்திற்கு நேராக நிற்கும். பொறியின் அடியிலுள்ள பற்சக்கரம் அவற்றைப் பற்றிப்பற்றி ஏறும். என் பலகையில் ஆறடிக்கு அரையடி ஏற்றம். என் பொறியும் வழுக்கிற்று. பழுதடைந்த அச்சுப்பொறியிலிருந்து எடுத்த பற்பட்டையைத் தண்டவாளங்களின் நடுவே ஒட்டி, அதற்கேற்ற சிறு பற்சக்கரத்தைப் பொறியின் அடியில் பொருத்தினேன். பொறி, மேலேறும்போது உண்மையான வண்டியில் உள்ளதுபோலவே, பின்னின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறியது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

தண்ணீர் எங்கே போகும்?

எட்டு மாதங்களில் மலை முடிந்தது. அப்பாவின் கையைப் பிடித்து அழைத்துவந்து அதன்முன் அமர்த்தினேன். அவர் பொறியைக் கேட்கவில்லை, பாலத்தையும் கேட்கவில்லை. தண்டவாளத்தின்மீது சுட்டுவிரலை வைத்து, கீழிருந்து மேலாக மெல்ல நகர்த்தினார். ஓர் இணைப்பில் விரல் நின்றது. “இங்க தூக்கியிருக்கு” என்றார். என் கண்ணுக்கு அது தெரியவேயில்லை. அளவுகோலை வைத்துப் பார்த்தபோது தாளளவு உயர்ந்திருந்தது. பிறகு விரலைப் பாதையோரத்து மலைச்சரிவில் வைத்துத் தடவினார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

“ஏங்கண்ணு, மழ பேஞ்சா இந்தத் தண்ணி எங்க போகும்?”

என்னிடம் விடையில்லை. பூக்களை வைத்திருந்தேன், குரங்குகளை வைத்திருந்தேன், மலையோடையில் மெருகெண்ணெய் ஊற்றி நீர் ஓடுவதுபோலவே காட்டியிருந்தேன். ஆனால், பாதையோரத்தில் வாய்க்கால் இல்லை. சரிவின் உச்சியில் நீரைத் தடுத்துத் திருப்பும் மேல்வாய்க்காலும் இல்லை. பாதைக்கு அடியில் நீரைக் கடத்தும் மதகும் இல்லை. “வாய்க்கா இல்லாத மலைப்பாதை ஒரு மழைக்குத் தாங்காது” என்றார் அப்பா. அவர் குரலில் குறைகூறும் தொனியில்லை, கவலை இருந்தது. உண்மையான பாதையைக் குறித்துப் பேசுவதுபோலவே பேசினார்.

அப்போது என் சிறுவயது இரவுகள் நினைவிற்கு வந்தன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை வலுத்தால் அப்பா வீட்டில் இருக்கமாட்டார். கோணிப்பையைக் கொங்காடையாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கைவிளக்குடன் புறப்படுவார். மண்சரிவு உள்ளதா, பாறை உருண்டு கிடக்கிறதா, வாய்க்கால் அடைபட்டிருக்கிறதா என்று இருளில் நடந்து பார்ப்பார். அவர் திரும்பும்வரை அம்மா விளக்கை அணைக்கமாட்டார். காலையில் பயணிகள் சன்னலுக்கு வெளியே கைநீட்டி அருவியைக் காட்டி மகிழ்ந்துகொண்டு போவார்கள். அந்த அருவிநீரைப் பாதைக்கு வராமல் திருப்பிவிட்ட கைகளை நானும் என் மலையில் விட்டுவிட்டிருந்தேன்.

மறுநாள் ஒரு பக்கச் சரிவு முழுவதையும் பெயர்த்தெடுத்தேன். எட்டு வார உழைப்பு குப்பைக்கூடைக்குச் சென்றது. அப்பா அருகில் அமர்ந்து வாய்க்காலின் சரிவையும் மதகின் இடத்தையும் சொல்லச் சொல்ல, மீண்டும் அமைத்தேன். ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் கொடியுடன் நிற்கும் பிரேக்ஸ்மேனைச் செய்தேன். இறுதியாக, கொங்காடை போர்த்திய இரண்டு சென்டிமீட்டர் மனிதன் ஒருவனைச் செய்து, அவன் கையில் கடுகளவு மின்விளக்கொன்றைப் பொருத்தி, மேல்வாய்க்காலின் அருகில் நிறுத்தினேன்.

தெரிந்து தெளிவோம்

நீலகிரி மலை இருப்புவழியில் மேட்டுப்பாளையம் – குன்னூர் பகுதி 1899ஆம் ஆண்டிலும், உதகை வரையிலான நீட்டிப்பு 1908ஆம் ஆண்டிலும் பயன்பாட்டிற்கு வந்தன. இவ்வழியில் 208 வளைவுகளும் 16 குகைவழிகளும் 250 பாலங்களும் உள்ளன. 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

பகிர்தலில் நிறைவு

இக்கலை தனியறையில் பிறந்தாலும் பலர் கூடும் இடத்தில்தான் வளர்கிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001ஆம் ஆண்டு இரட்டைச் சகோதரர்கள் தொடங்கிய ‘மினியேச்சர் வுண்டர்லேண்ட்’ இன்று உலகின் மிகப்பெரிய மாதிரி இருப்புவழியாகத் திகழ்கிறது. நம் நாட்டில் புனே நகரிலும் மாதிரி இருப்புவழிகளுக்கென ஓர் அருங்காட்சியகம் உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த ராய் இங்கிலாந்து என்பவர், தம் கண்முன்னே மாறிவந்த சிற்றூர்களின் கூரைவீடுகளைக் கண்டு வருந்தினார். அவற்றை 76இல் ஒரு பங்கு அளவில் மாதிரிகளாக்கிக் காக்க முற்பட்டார். அம்முயற்சியே பென்டன் அருங்காட்சியகமாக வளர்ந்தது. அங்கே செல்வோர் தொடர்வண்டியோடு மறைந்துபோன ஒரு வாழ்க்கையையும் காண்கின்றனர்.

பலர் சேர்ந்து ஒரே இருப்புவழியை அமைக்கும் வழக்கமும் இக்கலையில் உண்டு. பலகைகளின் விளிம்பில் தண்டவாளத்தின் உயரமும் இடமும் மட்டும் ஒத்திருக்க வேண்டும். உள்ளே அவரவர் விருப்பம். கோவையைச் சேர்ந்த நண்பர் ஒருவர் குன்னூர் நிலையத்தைத் தம் பலகையில் அமைத்திருந்தார். எங்கள் ஊர்ப் பள்ளியின் அறிவியல் கண்காட்சியில் இரண்டு பலகைகளையும் இணைத்தோம். என் மலையில் ஏறிய வண்டி அவர் ஊரில் போய் நின்றது.

அப்பா சக்கரநாற்காலியில் மலையின் அருகிலேயே இருந்தார். பிள்ளைகள் முதலில் வண்டியைப் பார்த்தார்கள். பின்னர் குரங்குகளை எண்ணினார்கள். ஒரு சிறுமி மட்டும் விளக்கேந்திய மனிதனைக் காட்டி, “இவர் ஏன் வண்டியில ஏறாம நிக்கிறாரு?” என்று கேட்டாள். அப்பா அவளைப் பக்கத்தில் அழைத்து, அவள் விரலைப் பிடித்து மேல்வாய்க்காலின் வழியே நடத்திச்சென்றார். தண்ணீர் எங்கிருந்து வரும், எங்கே திரும்பும், எந்த மதகில் இறங்கும் என்று சொன்னார். அவளுக்குப் பின்னால் ஒரு வரிசை உருவாயிற்று. முப்பது ஆண்டுப் பணியைப் பற்றி எங்களிடம்கூட அவர் அவ்வளவு பேசியதில்லை.

அப்பா மறைந்து நான்கு ஆண்டுகளாகின்றன. மலை இப்போது அந்தப் பள்ளியின் நூலகத்தில் இருக்கிறது. ஐப்பசி மழை தொடங்கினால் பலகை ஈரத்தில் சற்றே உப்பும். தண்டவாள இணைப்புகள் நூலளவு விலகும். அப்போதெல்லாம் பள்ளிக்குச் செல்கிறேன். வண்டியை ஓட்டுவதற்கு முன்னர், கண்களை மூடிக்கொண்டு, தண்டவாளத்தின்மீது சுட்டுவிரலை வைத்துக் கீழிருந்து மேலாக மெல்ல நகர்த்துகிறேன். உயர்ந்திருக்கும் இணைப்பு இப்போது என் விரலுக்கும் தெரிகிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் நாள்தோறும் நீங்கள் கடந்துசெல்லும் இடமொன்றைத் தேர்ந்து, கிடைக்கும் பொருள்களைக்கொண்டு மாதிரி அமைத்து வகுப்பறையில் காட்சிப்படுத்துக.

2. அவ்விடத்தைப் பராமரிக்கும் பணியாளர் ஒருவரிடம் உங்கள் மாதிரியைக் காட்டி, அவர் கூறும் திருத்தங்களைத் தொகுத்து எழுதுக.