அர்ஜுனா பட்டியலில் எங்க மாவட்டத்துப் பொண்ணு

2024 டிசம்பர் கடைசி வாரம் ஞாபகம் இருக்கிறதா மக்களே? கேல் ரத்னா பரிந்துரைப் பட்டியலில் மனு பாக்கர் பெயர் இல்லை என்று செய்தி வந்தது. அவ்வளவுதான், டிவியைத் திறந்தால் அதே பேச்சு. பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வாங்கிய பெண்ணுக்கே இந்தக் கதியா என்று ஒரு பக்கம், அவர் விண்ணப்பமே போடவில்லை என்று அமைச்சகத் தரப்பு ஒரு பக்கம், போட்டோம் என்று அவர் அப்பா ஒரு பக்கம். கடைசியில் மனு பாக்கரே, விண்ணப்பித்ததில் தன் பக்கம் தவறு நேர்ந்திருக்கலாம் என்று சொல்லி அடக்கி வாசித்தார். 2025 ஜனவரி 2 அன்று வந்த இறுதிப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. குகேஷ், ஹர்மன்ப்ரீத் சிங், பிரவீன் குமார், மனு பாக்கர் என்று நான்கு பேர்.

சத்தம் போட்டாலும் போடாவிட்டாலும் மனு பாக்கருக்கு அந்த விருது நியாயம்தான். என் பிரச்சினை அது இல்லை. அதே பட்டியலின் கீழ்ப்பாதியில் அர்ஜுனா விருதுக்கு 32 பெயர்கள் இருந்தன. அதில் ஒன்று மனிஷா ராமதாஸ். பாரா பேட்மின்டன். ஊர், திருவள்ளூர்.

எங்க மாவட்டம்! கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் என் மாமாவிடம் கேட்டேன். தெரியாது என்றார். தினமும் ஷிப்ட் முடிந்து டீக்கடையில் பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிற மனுஷர் அவர். குகேஷைத் தெரியும். குகேஷ் தமிழரா தெலுங்கரா என்று நடந்த சண்டையும் தெரியும் (இரண்டு மாநில முதல்வர்கள் வாழ்த்துச் சொன்னதிலிருந்து கிளம்பியது அது). மனிஷாவைத் தெரியாது. காலேஜில் கூட உட்காரும் பசங்களிடம் கேட்டேன், எட்டுப் பேரில் ஒருத்தனுக்குத் தெரிந்தது. அவனும் ஷட்டில் ஆடுகிறவன்.

செய்தி வரவே இல்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. பாரிஸ் பாராலிம்பிக்கில் 2024 செப்டம்பர் 2 அன்று மனிஷா வெண்கலம் வாங்கியபோது படத்தோடு வந்தது. தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்தபோதும் வந்தது. வந்த விதத்தைத்தான் கொஞ்சம் கவனியுங்கள். நான் படித்தவற்றில் பெரும்பாலும் கதை அவர் பிறப்பில் தொடங்கும். பிரசவத்தில் கை நரம்பு பாதிக்கப்பட்டது, அப்பா அம்மா பட்ட பாடு, தன்னம்பிக்கை, விடாமுயற்சி, பதக்கம், சுபம். ஆட்டம் எங்கே?

ஆட்டத்தை நான் சொல்கிறேன். அரையிறுதியில் மனிஷா மோதியது காஞ்சிபுரம் துளசிமதி முருகேசனோடு. பாராலிம்பிக் அரையிறுதியில் வலைக்கு இந்தப் பக்கமும் தமிழ்ப் பெண், அந்தப் பக்கமும் தமிழ்ப் பெண். 23-21, 21-17 என்று துளசிமதி ஜெயித்தார். 23-21 என்றால் என்ன அர்த்தம் என்று ஷட்டில் ஆடியவர்களுக்குத் தெரியும், 20-20க்குப் போய், அதற்கும் மேலே இழுத்த செட். அடுத்து வெண்கலத்துக்கான ஆட்டத்தில் டென்மார்க்கின் கேத்ரின் ரோசன்கிரேனை 21-12, 21-8 என்று மனிஷா நொறுக்கித் தள்ளினார். துளசிமதிக்கு வெள்ளி. இன்னொரு பிரிவில் ஓசூர் நித்யஸ்ரீ சிவனுக்கு வெண்கலம். மூன்று பேருமே அந்த அர்ஜுனா பட்டியலில் இருந்தார்கள். கிரிக்கெட்டில் ஒரே மாநிலத்துக்காரர்கள் மூன்று பேருக்கு ஒரே வருஷம் அர்ஜுனா கிடைத்திருந்தால் எத்தனை நாள் ஓட்டியிருப்பார்கள்?

இன்னொன்று. 2022 டிசம்பரில் உலக பேட்மின்டன் சம்மேளனம் அந்த ஆண்டின் சிறந்த பாரா வீராங்கனையாகத் தேர்ந்தெடுத்தது இதே மனிஷாவைத்தான். அப்போது அவருக்கு வயது 17. அதற்கு முந்தைய மாதம் டோக்கியோவில் உலக சாம்பியன் ஆகியிருந்தார். அந்த ஆண்டு சிறந்த வீரர் விருது வாங்கியவர் விக்டர் ஆக்சல்சன். நம் ஊர் ஷட்டில் கோர்ட்டில் ஆக்சல்சன் பெயர் தெரியாத பையன் கிடையாது!

"32 பேரில் 17 பேர் பாரா ஆட்கள், கொஞ்சம் ஓவர்டா" என்று என் வகுப்பு நண்பன் ஒருத்தன் சொன்னான். அவனுக்கு ஒரு கணக்கு. பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா வாங்கியது 6 பதக்கம், தங்கம் இல்லை. அதே பாரிஸில் பாராலிம்பிக்கில் வாங்கியது 29, அதில் தங்கம் 7. இப்போது சொல்லுங்கள், எது ஓவர்?

அமெரிக்காவில் பேஸ்பாலில் இந்தப் பஞ்சாயத்து வேறு மாதிரி நடக்கிறது. அங்கே ஆண்டின் மதிப்புமிக்க வீரர் யார் என்று ஓட்டுப் போடுவதே விளையாட்டுப் பத்திரிகையாளர்கள்தான். ஹால் ஆஃப் ஃபேம் என்கிற புகழ் மண்டபத்துக்கும் அவர்கள் ஓட்டுதான், 75 சதவீதம் வேண்டும். 1947இல் டெட் வில்லியம்ஸ் பேட்டிங் சராசரி, ஹோம் ரன், ரன் சேர்ப்பு மூன்றிலும் தன் லீக்கில் முதலிடம். ஆனாலும் விருது போனது ஜோ டிமாஜியோவுக்கு, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில். நிருபர்களோடு வில்லியம்ஸுக்கு ஆகாது என்பது ஊரறிந்த விஷயம், அதனால் இன்று வரை அதைப் பேசுகிறார்கள். 2025இல் ஜப்பானின் இச்சிரோ சுசுகிக்கு 394 ஓட்டில் 393 விழுந்தது. போடாத அந்த ஒருத்தர் யார் என்று ஊரே தேடியது.

அங்கே பத்திரிகைக்காரர் பாரபட்சம் காட்டினால் எண்ணிக்கையில் தெரிந்துவிடும். இங்கே விருதைத் தேர்வு செய்வது கமிட்டி. எனவே பத்திரிகைக்குப் பொறுப்பு இல்லை என்று தோன்றும். ஆனால் யாருக்கு விருது கிடைக்காதது அநியாயம் என்று முடிவு செய்வது பத்திரிகையும் டிவியும்தானே? கிடைக்கவில்லையே என்று நாடே வருத்தப்படுவதும் ஒரு மரியாதைதான். அது எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

மாரியப்பன் தங்கவேலுவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016இல் கேல் ரத்னா கொடுக்கப்பட்டது ஆகஸ்ட் 29 அன்று, தயான் சந்த் பிறந்தநாளில். ரியோ ஒலிம்பிக் முடிந்து சில நாள்தான். வெள்ளி வாங்கிய சிந்து, வெண்கலம் வாங்கிய சாக்‌ஷி, நான்காம் இடம் வந்த தீபா கர்மாகர் மூவருக்கும் ஜிது ராயோடு சேர்த்துச் சுடச்சுட விருது. தீபா செய்ததும் சின்ன விஷயமில்லை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பாராலிம்பிக் நடப்பதே செப்டம்பரில். சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கும்போது அந்த வருஷ விருது விழா முடிந்து பந்தலும் பிரித்தாகிவிட்டது. அடுத்த வருஷம் அவருக்குக் கிடைத்தது அர்ஜுனா. கேல் ரத்னா வந்தது 2020இல், நான்கு வருஷம் கழித்து. இதற்கு எந்த டிவியிலாவது இரவு ஒன்பது மணி விவாதம் நடந்ததா? நான் பார்த்ததில்லை. 2020 பட்டியல் வந்தபோதும் என் கண்ணில் பட்ட தலைப்புகளில் முதல் பெயர் ரோஹித் சர்மா.

மாற்ற முடியாத விஷயம் ஒன்றும் இல்லை இது. 2021இல் டோக்கியோ பாராலிம்பிக் முடியட்டும் என்று விருதுகளைத் தள்ளிவைத்து நவம்பரில் கொடுத்தார்கள். அவனி லெகரா, சுமித் அன்டில், பிரமோத் பகத் என்று ஐந்து பாரா வீரர்களுக்கு ஒரே மேடையில் கேல் ரத்னா கிடைத்தது. தேதியைத் தள்ளினதற்கே அவ்வளவு பலன்!

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், பொன்னேரி பக்கத்தில் இருக்கும் என் சித்தி பொண்ணு. ஒன்பதாவது படிக்கிறாள். பிறக்கும்போது தோள் நரம்பு இழுபட்டு ஒரு கை முழுசாகத் தூக்க வராது, மனிஷாவுக்கு இருக்கும் அதே பிரச்சினை. அவள் படிக்கும் பள்ளியில் பி.டி. பீரியடில் அவளை ஓரமாக உட்கார வைத்து ஸ்கோர் எழுதச் சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள், அடிபட்டுவிடுமாம். மூன்று வருஷமாக எல்லா மேட்சுக்கும் அவள்தான் ஸ்கோர். ஆஃப்சைடு, ஃபவுல் எல்லாம் ரெஃப்ரிக்கு முன்னால் சொல்லுவாள்.

போன பொங்கல் லீவில் மனிஷா ஆடிய வீடியோவை போனில் போட்டுக் காட்டினேன். முதலில் பேப்பரில் வந்த மாதிரி, பார் இவங்களுக்கும் உன்னை மாதிரி, ஆனாலும் ஜெயிச்சாங்க என்று ஆரம்பித்தேன். அவள் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"அண்ணா, கொஞ்சம் பின்னாடி ஓட்டு. சர்வீஸ் போடும்போது காக்கை எந்தக் கையில பிடிக்கறாங்க?"

பின்னால் ஓட்டினேன். மறுபடியும், மறுபடியும். எத்தனை கட்டுரை படித்திருப்பேன், இந்த ஒரு கேள்விக்கு ஒன்றிலும் பதில் இல்லை. ஒரு கை தோளுக்கு மேலே போகாதவர் பின்னால் போகும் ஷட்டிலை அடிக்க உடம்பை எப்படித் திருப்புகிறார், பேலன்ஸ் எப்படி வருகிறது, அரையிறுதியில் துளசிமதி அவரை எந்த மூலைக்கு ஓடவிட்டார்... விளையாட்டு நிருபர் எழுத வேண்டியது இதைத்தானே? ஆக்சல்சனைப் பற்றி இதைத்தான் எழுதுகிறார்கள்.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் கொடிக் கயிற்றை வலையாக வைத்து என்னோடு ஆடினாள். சர்வீஸ் இருபது தடவை தப்பாகப் போயிருக்கும். இருட்டும் வரை விடவில்லை. கீழே இருந்து சித்தி "கைக்கு ஏதாவது ஆயிடப் போவுதுடீ" என்று கத்திக்கொண்டே இருந்தார்கள்.

இப்போது அவளுக்கு முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி பக்கம் விசாரித்த இரண்டு இடங்களிலும் கையைப் பார்த்துவிட்டு யோசிக்கிறார்கள். திருவள்ளூர் போகலாம் என்றால் ரயிலில் சென்னைக்குப் போய் வண்டி மாறி மேற்கே போக வேண்டும், ஸ்கூல் விட்டுத் தினமும் அது நடக்காது. இந்த லைனில் அவளைச் சேர்த்துக்கொள்ளும் கோச் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள் நண்பர்களே. ராக்கெட் வாங்கியாகிவிட்டது.