மீன் இல்லாத தொட்டிக்குத் தீனி

மீன் தொட்டித் தண்ணீர் கலங்குவதில் நிறங்கள் உண்டு. பச்சையாகக் கலங்கினால் பாசி: வெளிச்சம் அதிகம், அல்லது தண்ணீரில் உரச்சத்து அதிகம், பெரும்பாலும் இரண்டும். டீத்தண்ணி நிறத்தில் இருந்தால் உள்ளே போட்ட மரக்கட்டையோ நாட்டுவாதாம் இலையோ சாயம் விடுகிறது. நம் கண்ணுக்குத்தான் அழுக்கு, மீனுக்குத் தொந்தரவில்லை. மணலைச் சரியாக அலசாமல் போட்டால் முதல் நாளே மண் நிறம், ஓரிரு நாளில் அடங்கிவிடும். நான்காவதுதான் ஆட்களை வதைப்பது. தொட்டி வைத்து மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, யாரோ ஒரு டம்ளர் பாலை ஊற்றிவிட்ட மாதிரி வெள்ளையாக ஒரு மங்கல். அதைப் பார்த்ததும் எல்லாருக்கும் ஒரே யோசனைதான் வரும். பூராத்தையும் கொட்டிவிட்டு மறுபடி ஊற்று.

எங்கள் வீட்டில் அந்த யோசனை அப்பாவிடமிருந்து வந்தது. "வெள்ளென எந்திரிச்சுப் பாத்தேன், தண்ணி பூராம் கெட்டுப்போச்சு. எடுத்துக் கொட்டிட்டு வேற ஊத்துடா." தொட்டியில் அப்போது மீன் ஒன்றுகூடக் கிடையாது. மணல், நான்கைந்து செடி, ஏர் பம்ப்பில் ஓடும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், தினமும் நான் போடும் ஒரு சிட்டிகைத் தீனி, அவ்வளவுதான். அவருக்கு அதுவே முதல் சந்தேகம். "மீன் இல்லாத தொட்டிக்கு எதுக்குடா எரை போடுற?"

கம்பத்தில் வீடு. மாடி அறையில் உட்கார்ந்து பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறேன். போன வருடம் பக்கவாதம் வந்து இடது கை கால் தளர்ந்ததிலிருந்து அப்பா கீழே கூடத்தில். நாற்பது வருடம் விடிவதற்குள் வயலில் நின்றவர் பகல் முழுக்க டிவிக்கு முன்னால். பார்க்க இன்னொன்று இருக்கட்டும் என்றுதான் அந்த மூன்றடித் தொட்டியை வாங்கினேன். சுமார் 150 லிட்டர் பிடிக்கும்.

வயல் ஒன்றரை ஏக்கர். கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளையும் 14,707 ஏக்கரில் அது ஒரு ஓரம். இப்போது குத்தகையில் இருக்கிறது. மனைக்குக் கேட்டு ஒரு புரோக்கர் வந்துபோகிறார். "ஒரே பையன், ஐ.டி.ல இருக்கான், அவனா வந்து நாத்து நடப் போறான்" என்று சொந்தக்காரர்களும் ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் பேச்செடுக்கவில்லை. அந்த ஏப்ரல், மே முழுக்க நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் தொட்டித் தண்ணீரைப் பற்றித்தான்.

அந்த வெள்ளை மங்கல் பூராவும் உயிர். தீனியிலிருந்து கரையும் சத்தைத் தின்று, அரை மணி, ஒரு மணிக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகும் பாக்டீரியாக்கள். தின்ன இருப்பது தீர்ந்ததும் தானாக அடங்கும். தண்ணீர் முழுவதையும் மாற்றினால் புதுத் தண்ணீரில் முதலிலிருந்து ஆரம்பிக்கும். எனவே அந்த வாரம் செய்யவேண்டிய வேலை, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. இதை அப்பாவிடம் சொன்னேன். "இஞ்சினியர் சொல்றாரு" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். எங்கள் பக்கம் அந்தச் சொல்லில் குத்தல் உண்டு. இஞ்சினியர் என்றால் இங்கே ஒருத்தர்தான், 1895-ல் பெரியாற்று அணையை முடித்துத் தண்ணீரைக் கிழக்கே திருப்பிய பென்னிகுயிக். பொங்கலன்று அவர் பேரில் பொங்கல் வைக்கும் ஊர்களில், லேப்டாப் வைத்திருப்பவனை யாரும் அந்த வரிசையில் சேர்ப்பதில்லை.

கொட்டுவதற்கு நான் சம்மதிக்கவில்லை என்றதும் அவர் அடுத்துச் சொன்னது தேத்தாங்கொட்டை. அப்பத்தா காலத்தில், ஆற்றில் புதுத்தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும்போது, மண்பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை இழைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைப்பார்களாம். காலையில் மண் அடியில் படிந்து கிடக்கும், மேலே கண்ணாடி மாதிரித் தண்ணீர். நுண்ணிய மண் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. விதையிலிருந்து கரைந்து வரும் பொருள் அவற்றை ஒட்டவைக்கிறது, கனம் கூடியதும் கீழே இறங்கிவிடுகின்றன. படிகாரம் செய்யும் அதே வேலை. கலித்தொகையிலேயே இது வருகிறது, கலங்கிய பெண் தெளிவதற்கு உவமையாக. தேற்றுதல், தேறுதல் என்று தண்ணீருக்கும் மனதுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியில் அந்த உவமை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இழைத்துப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் தொட்டியில் தெளிவு என்பது பெரிய ஏமாற்று. புதுத் தொட்டிகளில் மீன் சாகும்போது தண்ணீர் அநேகமாகப் பளிங்கு போல இருக்கும். கடைக்காரர் நோய் மீனைக் கொடுத்துவிட்டார் என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. மீன் தன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக விடுகிறது. மிச்சத் தீனி அழுகினாலும் அம்மோனியா. அதற்கு நிறம் கிடையாது. அதில் எவ்வளவு விஷமான வடிவத்தில் இருக்கும் என்பதைத் தண்ணீரின் காரத்தன்மை முடிவு செய்கிறது. 25 டிகிரியில் பிஹெச் 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, 8 என்றால் ஐந்து பங்குக்கு மேல். எங்கள் வீட்டு போர் தண்ணீர் 8. தேத்தாங்கொட்டை மண்ணைப் பிடிக்கும், கரைந்த அம்மோனியாவை அல்ல.

அதைப் பிடிக்க வேறு கூட்டம் வேண்டும். முதல் வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான், மீனின் ரத்தத்தை ஆக்சிஜன் சுமக்க விடாமல் பழுப்பாக்கிவிடும். இரண்டாவது வகை அதை நைட்ரேட்டாக்கும். அது ஓரளவு வரை மீனுக்குப் பாதகமில்லை, வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் போதும். இந்த இரண்டு வகையும் மிதப்பதில்லை. ஸ்பாஞ்சிலும் மணலிலும் கண்ணாடியிலும் ஒட்டிக் குடியிருப்பவை. மகா சோம்பேறிகள், ஒன்று இரண்டாக அரை நாளுக்கு மேல் ஆகும். அவர்கள் குடியேறும் வரை ஊட்டுவதற்குத்தான் மீன் இல்லாத தொட்டிக்கு இரை. ஃபில்டர் தண்ணீரை வடிகட்டுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது முக்கால்வாசி ஒரு குடியிருப்பு. ஸ்பாஞ்சை நகராட்சிக் குழாயடியில் வைத்துப் பளிச்சென்று பிழிந்து வைப்பவர்கள் குளோரினால் அத்தனை பேரையும் காலி செய்கிறார்கள். ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸை டெலீட் பண்ணிவிட்டு டிஸ்க்கில் இடம் நிறைய இருக்கிறது என்று சந்தோஷப்படுவது மாதிரி. மாற்ற எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு முறை முக்கிப் பிழிந்தால் போதும்.

காத்திருந்த நாட்களில் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அதில் கிடைத்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். 1850 வாக்கில் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்கமீனும் நாடா போல நீளும் வாலிஸ்னீரியா செடியும் வைத்தார். செடியின் இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. குளத்து நத்தைகளை விட்டார், அவை அழுகலைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது. இன்று நம் வீடுகளில் இருக்கும் தொட்டிகளின் முன்னோடிகளில் அது ஒன்று. அவர் மகன் பெயரும் ராபர்ட் வாரிங்டன், அவரும் வேதியியலாளர், ஆனால் வேலை பார்த்தது ரோதம்ஸ்டெட் என்ற விவசாய ஆராய்ச்சி நிலையத்தில். 1877-ல் பிரான்சில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர், மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய நீளக் குழாய் வழியாகச் சாக்கடை நீரைச் சொட்டவிட்டார்கள். இருபது நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அம்மோனியா போய் நைட்ரேட் வரத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியை விட்டதும் நின்றது. வேலை செய்வது ஓர் உயிர் என்று அப்போதுதான் உறுதியானது. அதைக் கையிலெடுத்து வருடக்கணக்கில் ஆராய்ந்து, மாற்றம் இரண்டு படியாக, இரண்டு வெவ்வேறு உயிர்களால் நடக்கிறது என்று காட்டியவர்தான் மகன் வாரிங்டன். அந்த உயிர்களைத் தனியே பிரித்தெடுக்க மட்டும் அவரால் முடியவில்லை. 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி அதைச் செய்தார். (2015-ல் இரண்டு படியையும் தனியாளாகச் செய்யும் பாக்டீரியா ஒன்று இருப்பதும் தெரியவந்தது. அதைக் கண்ட இரண்டு குழுக்களில் ஒன்றுக்கு அது அகப்பட்டது மீன் வளர்ப்புத் தொட்டிகளின் ஃபில்டரில்.)

அப்பன் தொட்டி வைத்தான், மகன் அதே சங்கதியை வயலில் கண்டுபிடித்தான். எங்கள் வீட்டில் தலைகீழ். இதை அப்பாவிடம் கதையாகச் சொன்னேன். இருபது நாள் என்ற இடத்தில், "நாத்து வயசு" என்றார். பிறகு சுரத்தே இல்லாமல் கேட்டார்: "இது யூரியா கணக்குத்தானடா?"

யூரியா கணக்குத்தான். நெல் வயலில் யூரியா போட்டால் அது முதலில் அம்மோனியமாகும். நிற்கும் தண்ணீருக்குக் கீழே மண்ணின் மேல்தோலில் மட்டும் கொஞ்சம் காற்று உண்டு, அங்கே இதே பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட் கீழே காற்றில்லாத சேற்றுக்கு இறங்கினால், அங்கே வேறொரு கூட்டம் அதை நைட்ரஜன் வாயுவாக மாற்றி ஆகாயத்துக்கு அனுப்பிவிடும். அதற்காகத்தான் தண்ணீரை வடித்துவிட்டு யூரியா போடுவதும், வேப்பம் புண்ணாக்கோடு கலப்பதும். யூரியா ஐந்து பங்கு, ஜிப்சம் நான்கு, புண்ணாக்கு ஒன்று, ராத்திரி முழுக்க வைத்திருந்து காலையில் போடு என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கு. அப்பா ஜிப்சத்தை விட்டுவிடுவார், புண்ணாக்கை விட்டதில்லை. வேம்பு அந்த பாக்டீரியாக்களின் வேகத்தை அடக்குகிறது. தொட்டியில் நான் எந்தக் கூட்டத்தை வா வா என்று தீனி போட்டு அழைத்துக்கொண்டிருந்தேனோ, அதே கூட்டத்தை அவர் நாற்பது வருடமாக வயலில் வேப்பம் புண்ணாக்கை வைத்து மெதுவாப் போ என்று பிடித்து நிறுத்தியிருக்கிறார். பெயர் தெரியாது. பழக்கம் என்னைவிட அதிகம்.

உடனே ஒரு யோசனையும் வந்தது அவருக்கு. "அப்ப எரைக்குப் பதிலா ஒரு சிட்டிக யூரியா போடேன். கொட்டாய்ல அரை மூட்டை கெடக்கு." தப்பில்லாத யோசனை. மீன் இல்லாத தொட்டியில் யூரியாவும் அம்மோனியாவாகத்தான் உடையும். ஆனால் 2015 முதல் நம் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதுக்கும் வேப்பெண்ணெய் பூசவேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே கண்டுபிடித்துவிட்டார். "ஏ, அதுல வேப்பெண்ண இருக்கும்ல. அப்ப ஆகாது." படுத்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. வலது கையால் தொடையில் தட்டிக்கொண்டு, அம்மாவைக் கூப்பிட்டு, முதலிலிருந்து மறுபடி சொன்னார்.

சோதனைத் திரவத்தைக் குழாயில் சொட்டவிட்டு நிறம் பார்க்கும் வேலையை அதன் பிறகு அவர் எடுத்துக்கொண்டார். ஒன்பதாம் நாள் வெள்ளை மங்கல் தானாக விலகியிருந்தது, "சரி, நீ சொன்னபடிதான்" என்று ஒப்புக்கொண்டார். பதிமூன்றாம் நாள் நைட்ரைட் குழாய் ஊதா. அது மூன்று வாரம் ஊதாவாகவே இருந்தது. தண்ணீரோ கண்ணாடி. வருகிறவர்கள் எல்லாம் இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே, மீன் விட்டால் என்ன என்று கேட்டார்கள். அப்பா யாரையும் விடவில்லை. "பாக்கத் தெளிவா இருக்கும். உள்ள விசம்." முப்பத்தேழாம் நாள் அம்மோனியாவும் பூஜ்யம், நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் குழாய் மட்டும் ஆரஞ்சு.

ஆறு ஜீப்ரா மீன் வாங்கினேன். அவருக்கு அது போதவில்லை. அயிரை வேண்டும் என்றார். சந்தையில் அயிரையை உயிரோடுதான் விற்பார்கள், விலையைக் கேட்டால் ஆட்டுக்கறி தேவலை என்றிருக்கும். அம்மா குழம்புக்கு வாங்கி, மண்ணைக் கக்க வைக்கப் பாலில் போடுவதற்கு முன்னால் பத்தைத் தனியே எடுத்துக் கொடுத்தாள். விரல் நீளம், மணல் நிறம். முன்பெல்லாம் வாய்க்காலிலும் வயலிலும் தானாக வரும் என்கிறார் அப்பா. மணலை வாயில் அள்ளி, சல்லடை போலச் சலித்து, செவுள் வழியாகத் துப்பிக்கொண்டே இருப்பதுதான் அதற்குப் பிழைப்பு. இரண்டே நாளில் தொட்டியின் கீழ்ப்பாதியில் எப்போதும் ஒரு மெல்லிய புழுதி நிற்க ஆரம்பித்தது. பத்து மீன் கூடியதற்கு அம்மோனியா ஏறுகிறதா என்று ஒரு வாரம் தினமும் பார்த்தோம். ஏறவில்லை.

மே கடைசியில் குத்தகைக்காரர் வந்தார். அணையில் தண்ணீர் இருக்கிறது, ஜூன் 1-ல் திறந்துவிடுவார்கள், நாற்றங்காலுக்கு உழலாமா என்று கேட்க. அப்பா அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தொட்டியைக் காட்டினார். பிறகு, போன போகத்தில் யூரியாவுக்குப் புண்ணாக்குக் கலந்தாயா இல்லையா என்று விசாரித்தார். அதான் இப்ப மூட்டையிலயே வேப்பெண்ண வருதுல்லண்ணே என்றார் அவர். அது பூச்சு, புண்ணாக்கு வேற என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் போனது. நான் மாடியில் மீட்டிங்கை மியூட்டில் போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது அப்பா அவரிடம், இந்தத் தடவை புண்ணாக்கு நான் வாங்கித் தர்றேன், தம்பிகிட்ட காசு வாங்கிக்க என்றார்.

புரோக்கர் அதற்குப் பிறகு இரண்டு முறை போன் செய்தார். முதல் போகம் அறுத்த பிறகு பேசலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை தொட்டியிலிருந்து எடுக்கும் நாற்பது லிட்டர் தண்ணீர் கொல்லையில் கறிவேப்பிலைக்குப் போகிறது. அதில் எவ்வளவு நைட்ரேட் என்று அப்பா ஒவ்வொரு முறையும் கேட்கிறார்.