பூஜ்யம் கற்பித்த கணக்கு

வெல்லற்கரியது என்று ஒன்றை உலகம் நம்பத் தொடங்கிவிட்டால், அதனைப் புரட்டிப் பார்க்கும் துணிவு எளிதில் எவர்க்கும் வருவதில்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானியர் பறக்கவிட்ட "ஜீரோ" என்னும் சண்டை விமானம் அவ்வாறு அஞ்சப்பட்டது. ஜப்பானியர் ஆண்டுக்கணக்கில் 2600 ஆகிய 1940-இல் அது கடற்படையிற் சேர்ந்தது. அவ்வெண்ணின் கடைசிப் பூஜ்யமே அதற்குப் பெயராயிற்று.

1942 ஜூன் 4-ஆம் நாள், அலாஸ்காவின் டச்சு ஹார்பர் துறைமுகத்தைத் தாக்கச் சென்றவர்களுள் தடயோஷி கோகா என்னும் 19 வயது இளைஞனும் ஒருவன். தரையிலிருந்து பாய்ந்த குண்டு அவன் விமானத்தின் எண்ணெய்க் குழாயைத் துளைத்தது. அக்குட்டான் தீவில், உறுதியான புல்வெளியென்று நம்பி இறங்கினான். சக்கரங்கள் சேற்றில் அழுந்த, விமானம் தலைகீழாய்க் கவிழ்ந்தது. அவன் கழுத்து முறிந்து மாண்டான். பகைவர் கைக்கு எட்டாதபடி விமானத்தை அழித்துவிட வேண்டுமென்பது கட்டளை. ஆயினும், தோழன் உயிரோடிருக்கக் கூடுமென்று எண்ணிய துணை விமானிகள் இருவரும் சுடாமலே திரும்பினர்.

ஜூலை 10-இல் அமெரிக்க ரோந்து விமானமொன்று அதனைக் கண்டது. சான் டியேகோவிற் செப்பனிடப்பட்டுச் செப்டம்பர் 20-இல் அது மீண்டும் பறந்தது. அச்சத்தின் இடத்தை ஆராய்ச்சி பிடித்தது. மூக்கைத் திடீரெனக் கீழே தள்ளினால் இயந்திரம் அடங்கிற்று. வேகம் மிகுந்தபொழுது, வலப்புறம் புரள அது தடுமாறிற்று.

அதன் புகழெல்லாம் இலேசான உடலால் வந்தது. அவ்விலேசு எங்ஙனம் கிடைத்தது? விமானியைக் காக்கும் கவசத் தகடு இல்லை. துளைபட்டால் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டி இல்லை. மனிதனைக் காக்கும் பாரத்தை விட்டு, வேகத்தையும் தூரத்தையும் வாங்கினர்!

இதனைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. யான் தோட்டத்துக் கிராணி. பெரட்டிற் பெயர் வாசிப்பதும், செலவுக் கணக்கு எழுதுவதும் என் தொழில். செலவைக் குறைக்கச் சொன்ன ஓராண்டில், மருந்தடிப்போர்க்குரிய கையுறை, முகமூடிகளின் வரியை என் பேனாவே அடித்தது. கணக்கு இலேசாயிற்று, பாராட்டும் கிடைத்தது. எவர் தோல் வெந்தது என்று அன்று யான் கேட்கவில்லை.

அக்குட்டான் விமானம் 1945 பிப்ரவரியில், தரையில் ஊர்ந்துகொண்டிருந்தபொழுது வேறொரு விமானம் மோதிச் சிதைந்தது. அதனிடம் யான் கற்ற கணக்கு சிதையவில்லை. இம்மாதச் செலவுப் பட்டியலில் அடித்த வரியை மீண்டும் எழுதியிருக்கிறேன். கையொப்பம் கிடைக்குமோ, அறியேன். கேள்வி வந்தால் விடை சொல்வேன்.

தோழர்களே! உங்கள் தோட்டத்துக் கணக்கிலும் அவ்வரி உள்ளதா என்று கேளுங்கள்.