ஒரே மெட்டு, வேறு வேகம்

இளையராஜா போட்ட மெட்டையே திரும்பப் போடுகிறார் என்று பலரும் குறையாகச் சொல்கிறார்கள். போடுகிறார் என்பது உண்மைதான். மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். குழுவுக்கு நோட்ஸ் எழுதிக் கொடுப்பதும் என் வேலை. அதனால் எந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்பது ஓரளவு அத்துபடி. ஆனால் கேட்கிறவர்கள் 'அதே பாட்டு' என்று சொல்வதை நோட்ஸ் எடுக்க உட்கார்ந்தால், தாளில் அது வேறு பாட்டாகத்தான் வந்து விழுகிறது.

1981-இல் சங்கர் நாக்கின் 'கீதா' என்ற கன்னடப் படத்துக்கு 'ஜொதெயலி' என்று ஒரு டூயட் போட்டார். 1984-இல் அந்த மெட்டு 'நூறாவது நாள்' படத்தில் 'விழியிலே மணி விழியில்' என்று தமிழுக்கு வந்தது. 2007-இல் பால்கியின் 'சீனி கம்' இந்திப் படத்தில் 'ஜானே தோ நா' ஆனது. முதல் இரண்டையும் எஸ்.பி.பி.யும் ஜானகியும் துள்ளலாகப் பாடியிருப்பார்கள். மூன்றாவதை ஷ்ரேயா கோஷல் பாட, வேகம் நன்றாக இறங்கிவிட்டது.

வேகத்தை இறக்குவது லேசான காரியம் இல்லை. துள்ளலான பாட்டில் ஒரு ஸ்வரம் நிற்பதற்குள் அடுத்தது வந்துவிடும். ரிதம் கிட்டாரும் தாளமும் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். மெதுவாக்கினால் ஒவ்வொரு ஸ்வரமும் நின்று தன் முகத்தைக் காட்டும். அடியில் இருக்கும் கார்டு சரியில்லையென்றால் உடனே அம்பலமாகும். பழைய கார்டையே நீட்டிப் பிடித்தால் பாட்டு தூங்கிவிடும். எனவே வரிக்கு நடுவிலேயே கார்டு மாற வேண்டும், ஸ்ட்ரிங்ஸுக்குத் தனியாக ஒரு கவுன்ட்டர் மெலடி வேண்டும், பேஸ் எங்கே பேசும், எங்கே வாயை மூடும் என்று புதிதாக யோசிக்க வேண்டும். பிடித்த குத்துப்பாட்டு ஒன்றைப் பாதி வேகத்தில் வாசித்துப் பாருங்கள். பெரும்பாலானவை நாலு வரி தாங்காது. இந்த மெட்டு தாங்குகிறது. 1981-இல் நாம் கவனிக்காமல் விட்ட ஒரு ஏக்கம் அதற்குள் இருந்திருக்கிறது என்பது 'ஜானே தோ நா' கேட்டபிறகுதான் எனக்கே விளங்கியது.

'சீனி கம்' படத்தின் டைட்டில் பாட்டில் எதிர்த்திசையில் போயிருக்கிறார். மூலம், 'மௌன ராகம்' (1986) படத்தின் 'மன்றம் வந்த தென்றலுக்கு'. பேசாத மனைவியிடம் கணவன் கேட்க முடியாத கேள்விகள் எல்லாம் எஸ்.பி.பி.யின் குரலில் இருக்கும். லண்டனில் 64 வயது சமையல்காரர் காதலிக்கும் கதைக்கு அந்த மெட்டை விரைவாக்கி, லேசாக்கி எடுத்துக்கொண்டார். இதில் எனக்கு முழு நிறைவு இல்லை. அந்த மெட்டின் சோகம் வேகத்தால் வந்தது இல்லை, ஸ்வரங்களிலேயே இருக்கிறது. அதை ஓடவிட்டால் சோகம் போவதில்லை. கவனிக்க நேரம் இல்லாமல் போகிறது, அவ்வளவுதான். வாசிக்க இனிமையான பாட்டு. ஆனாலும் மேடையில் வாசித்து முடித்ததும் பழையதை வாசிக்கத்தான் கை தேடுகிறது.

ஆண்டுக்கு நாற்பது படங்களுக்குமேல் செய்த காலம் அவருக்கு இருந்தது. யூடியூப் இல்லாத நாளில் பெங்களூரில் ஹிட்டான பாட்டு மதுரைக்காரர் காதில் விழுவதே அரிது. நல்ல மெட்டு ஒரு மொழியோடு முடங்க வேண்டாம் என்று நினைப்பதில் என்ன தப்பு?

மெட்டைத் திருப்பிப் போடும் பழக்கத்தையும் அவருடைய வீச்சையும் இரண்டு தனிக்குணமாகப் பிரித்துப் பேசுவது எனக்குப் பிடிபடவே இல்லை. ஒரு சிறு ஸ்வரக்கோவை எத்தனை விதமான பாரத்தைச் சுமக்கும் என்று பார்க்கும் ஆசைதான் இரண்டுக்கும் வேர். 'சிந்து பைரவி'யை (1985) எடுத்துக்கொள்ளுங்கள். தியாகராஜரின் 'மரி மரி நின்னே' காம்போதியில் பாடப்படும் கிருதி. ராஜா அதைச் சாரமதியில் அமைத்தார். அமைத்துவிட்டு, கிராமத்துப் பெண் பாடுவதுபோல் 'பாடறியேன் படிப்பறியேன்' பாட்டையும் அதே ராகத்தில் போட்டு, அது நேராகக் கிருதிக்குள் போய்ச் சேரும்படி செய்தார். சாரமதி ஏறும்போது ஏழு ஸ்வரத்தோடும் ஏறும். இறங்கும்போது பஞ்சமத்தையும் ரிஷபத்தையும் விட்டுவிடும். அந்தத் தாவல் கிருதியில் கம்பீரமாக இருக்கும். சித்ராவின் குரலில் நாட்டுப்பாட்டாக வரும்போது அதுவே வெள்ளந்தியாக ஒலிக்கும். ஒரே படிக்கட்டுதான், இறங்குகிறவர்கள்தான் வேறு.

பின்னணி இசையில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 'நாயகன்' (1987) அவருக்கு 400-ஆவது படம். அதில் 'தென்பாண்டிச் சீமையிலே' மெட்டு படம் நெடுக வேறு வேறு உருவில் வந்துகொண்டே இருக்கும். காட்சிக்கொரு புது மெட்டு போட அவருக்குத் தெரியாதா? கதாநாயகன் வேலு நாயக்கர் எவ்வளவு பெரிய ஆளானாலும் பழைய காயம் உள்ளேயே இருக்கிறது என்பதை வசனம் இல்லாமல் சொல்ல அந்த ஒரு மெட்டு போதும் என்று முடிவு செய்திருக்கிறார். அங்கே புதிது போட்டிருந்தால்தான் படம் கெட்டிருக்கும்.

எங்கள் மேடையில் இப்போது 'விழியிலே'வையும் 'ஜானே தோ நா'வையும் சேர்த்து மெட்லியாகக் கேட்கிறார்கள். குழுவுக்குப் புதிதாக வரும் பையன்கள் ஒரே நோட்ஸை வைத்துக்கொண்டு டெம்போவை மட்டும் குறைத்துவிடலாம் என்பார்கள். நான் விடுவதில்லை. இரண்டுக்கும் தனித்தனி நோட்ஸ் எழுதுகிறேன். முதல் பாட்டில் ரிதம் கிட்டார் முன்னே நிற்கும், நான் இரண்டாம் பி.ஜி.எம். வரை பெரிதாக எதுவும் செய்யமாட்டேன். இந்திப் பாட்டுக்கு மாறும் இடத்தில் நாலு பார் டிரம்ஸும் பேஸும் நின்றுவிடும், கிட்டார்க்காரர் ஸ்ட்ரம்மிங்கை விட்டு விரலால் மீட்டத் தொடங்குவார், கார்டு மாற்றம் முழுக்க என் இடது கைக்கு வரும். பாடகியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருப்பேன்: "பழைய பாட்டை மறந்துடும்மா, இதைப் புதுசா எடு."